பாய்க்கோரை: கரையிலிருந்து தறி வரை

கோரைத் தண்டு ஒன்றை அடியில் அறுத்து எடுங்கள். நுனிக்கு ஒரு சாண் கீழே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். சீராக உருளாமல் மூன்று இடத்தில் தடுக்கினால் அது கோரைக் குடும்பத்துச் செடி. அடுத்து, அடியிலிருந்து நுனி வரை விரலை ஓட்டுங்கள். எங்கும் கணு தட்டுப்படக் கூடாது. குறுக்கே வெட்டினால் உள்ளே ஓட்டை இருக்காது, வெள்ளையாகப் பஞ்சு போலச் சோறு நிறைந்திருக்கும். இந்த மூன்றும் பொருந்தி, செடி இடுப்புக்கு மேல் வளர்ந்து, தண்டில் இலையே இல்லாமல் அடியில் உறை மட்டும் சுற்றியிருந்து, உச்சியில் குடைக்கம்பிகள் விரிந்தது போலக் கதிர் நின்றால் அதுதான் பாய்க்கோரை.

இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. குளத்தங்கரையில் நிற்கும் பச்சை எல்லாவற்றையும் கோரை என்று சொல்லிவிடுகிறோம். சம்பு கோரை அல்ல. அதற்குப் பட்டையான நீண்ட இலை, பழுப்பு நிறத்தில் உருண்டைத் திரி போன்ற பூ. நாணல் கணு உள்ள புல், வெள்ளைக் கொண்டை வைக்கும். வயலில் களையாக வந்து உயிரை வாங்கும் கோரைக்கிழங்கு, அதாவது நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்பது, பாய்க்கோரைக்கு உறவுதான். ஆனால் அது பெரும்பாலும் ஒரு முழத்தைத் தாண்டாது, அதன் தண்டு பாய்க்கு உதவாது. பாய்க்கோரைக்குத் தாவரவியலில் சைப்பெரஸ் பங்கோரை என்று பெயர். 1773-ல் டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் ரோட்பொல் வைத்த பெயர் அது. தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. பெயருக்குள் நம் கோரை அப்படியே ஒலிப்பதைக் கவனியுங்கள். அதற்கும் வெகு காலம் முன்பே பஞ்சாய்க்கோரையைக் கிழித்துப் பாவை செய்து விளையாடியிருக்கிறார்கள் சங்க காலத்துப் பெண்பிள்ளைகள்.

கணு இல்லை என்பதுதான் இந்தச் செடியின் முழு மதிப்பும். கணு உள்ள தண்டைக் கிழித்தால் கத்தி கணுவில் முட்டித் திசைமாறும், கீற்று பாதியில் அறும். கோரையில் அடியில் வைத்த கத்தி நுனி வரை ஒரே கோட்டில் ஓடும். மூன்றடி, நான்கடி நீளத்துக்கு ஒரே கீற்று கிடைப்பது அதனால்தான்.

அது விரும்பும் இடம் எது என்றால், தண்ணீர் ஏறியும் இறங்கியும் போகும் ஓரம். ஆழத்திலும் நிற்காது, காய்ந்த மேட்டிலும் நிற்காது. வண்டல் படிந்த களிமண், வேகமில்லாத நீர், முழு வெயில். தாமிரபரணிக் கரை, கன்னடியன் கால்வாய்ப் பாசனப் பகுதி, காவிரிப் படுகை, கண்மாயின் உள்வாய் ஓரம், வாய்க்கால் சரிவு எல்லாம் அதற்கு ஏற்ற இடங்கள். சேற்றுக்குள் காற்று இல்லை. அங்கே இருக்கும் வேருக்கு மூச்சு தண்டு வழியாகப் போகிறது. உள்ளிருக்கும் அந்தப் பஞ்சுச் சோறுதான் காற்றுப் பாதை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அறுவடைக்கு வரும்போது இது தேவைப்படும்.

மண்ணுக்குள் கிழங்கு கிடையாக ஓடி, பக்கத்துக்குப் பக்கம் குருத்து விட்டுக்கொண்டே போகும். ஒரு தூரிலிருந்து இன்னொரு தூருக்குப் பின்னல் போட்டது போல ஆகிவிடும். அலை வந்து அடித்தாலும் ஓரத்து மண் கரையாமல் பிடித்து நிறுத்துவது இந்தப் பின்னல்தான். தண்டுகளின் வேலை வேறு: ஓடி வரும் நீரின் வேகத்தைக் குறைத்து, அது சுமந்துவரும் வண்டலை அங்கேயே இறக்கிவிடும். நீர்க்கோழி கூடு வைப்பதும் மீன்குஞ்சு ஒதுங்குவதும் தண்டுகளுக்கு இடையில்தான்.

தூர்வாரும்போது பொக்லைன் ஓட்டுகிறவருக்குச் சம்பும் ஆகாயத்தாமரையும் கோரையும் ஒன்றுதான். மூன்றையும் சேர்த்து வழித்துவிட்டு, கரை பளிச்சென்று இருப்பதாகப் படம் எடுத்துப் போடுகிறோம். அடுத்த மழையிலேயே கரை வரிவரியாக அரித்து, வாரிய மண்ணில் ஒரு பங்கு திரும்பக் குளத்துக்குள் போய்விடும். ஆகாயத்தாமரையை வேரோடு அள்ளுங்கள், அது இந்த நாட்டுச் செடியே இல்லை. சம்பு நீர்ப்பரப்பையே மூடுகிற அளவுக்குப் போயிருந்தால் குறையுங்கள். கரையோரத்தில் மூன்று, நான்கு அடி அகலத்துக்குக் கோரைப் பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள். வேலை தொடங்கும் முன்பே குச்சி நட்டு, கயிறு கட்டி, இயந்திரம் ஓட்டுகிறவரிடம் நேரில் காட்டிவிட வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொன்னால் நிற்காது.

வழித்துப் போய்விட்ட கரையில் திரும்ப நடுவதும் பெரிய வேலை இல்லை. விதையை நம்ப வேண்டாம். கிழங்கு வைத்து நடுவதுதான் நிச்சயம். குளமோ வாய்க்காலோ ஊராட்சியுடையதா நீர்வளத் துறையுடையதா என்று கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள். நடவுக்குத் தாய்த்தூரை நன்றாக விளைந்த பழைய பட்டையிலிருந்து எடுக்க வேண்டும். மண்வெட்டியால் சதுரமாக வெட்டித் தூக்கி, தண்ணீரில் அலசி, இரண்டு மூன்று குருத்து இருக்கும்படி கிழங்கைப் பிரியுங்கள். தண்டை ஒரு சாண் விட்டு மேலே வெட்டிவிடுங்கள். நீளத் தண்டோடு நட்டால் காற்று ஆட்டி ஆட்டி வேர் பிடிக்க விடாது, இலைப்பரப்பு குறைவாக இருந்தாலும் ஈரமும் வீணாகும். எடுத்த கிழங்கு வெயிலில் கிடக்கக் கூடாது. ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றோ மறுநாளோ நட்டுவிடுங்கள்.

இடைவெளி ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 20 சென்டிமீட்டர். பத்து மீட்டர் நீளக் கரையில் ஒரு மீட்டர் அகலப் பட்டை என்றால் வரிசைக்கு 50, ஐந்து வரிசைக்கு 250 கிழங்கு. வாடிப்போவதற்கு ஈடாக 30 கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு படுத்த நிலையில் இரண்டு விரல் மண்ணுக்குள் போக வேண்டும், குருத்து மேல்நோக்கி. நிமிர்த்திக் குத்தி நட்டால் பக்கக்கன்று வருவது தாமதமாகும். நட்ட உடனே மேலே நிற்கும் நீர் இரண்டு விரல் உயரத்தைத் தாண்டக் கூடாது, சேறு காயவும் கூடாது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வடிந்து, தண்ணீர் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் தை, மாசியில் கரையோர நடவு நன்றாகப் பிடிக்கும். ஐப்பசியில் நட்டால் குளம் நிறையும்போது இளங்குருத்து மொத்தமும் மூழ்கிவிடும்.

முதல் மூன்று மாதம்தான் பார்த்துக்கொள்ள வேண்டிய காலம். இளங்குருத்தை மாடு விரும்பித் தின்னும். தின்பதைவிடச் சேற்றை மிதித்துக் கிழங்கைப் புதைத்துவிடுவதுதான் பெரிய சேதம். முள் வெட்டிப்போட்டு அந்த மூன்று மாதம் காத்தால் போதும். களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். மருந்து அடிக்காதீர்கள். நெல்வயலில் கோரைக் களைக்கென்று விற்கும் மருந்து இதையும் கோரையாகத்தான் பார்க்கும். நான்காவது மாதத்துக்கு மேல் தூர் மூடிக்கொண்டால் களை தானாக அடங்கிவிடும்.

கரூர்ப் பக்கம் வேலாயுதம்பாளையம், நாமக்கல் பக்கம் மோகனூர், திருச்சி மாவட்டத்தில் முசிறி, தொட்டியம் என்று காவிரியின் இரு கரையிலும் கோரையை வயல் பயிராகவே வைக்கிறார்கள். அங்கும் நடவு இப்படித்தான், கிழங்குதான். முதல் அறுவடைக்குப் பத்து மாதம் முதல் ஒரு வருடம். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு அறுப்பு, மறுநடவு இல்லாமல் பல வருடம். வயல் பயிரில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. உயரம் வேண்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுவது. தண்டு உயரும், ஆனால் மெத்தென்று ஆகி, ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். சாய்ந்த கோரை மறுபடி நிமிரும்போது வளைந்துதான் நிமிரும். வளைந்த தண்டைக் கிழித்தால் கத்தி வளைவில் வெளியே வந்துவிடும். விலையில் பாதி போச்சு. கரையில் இயற்கையாக நிற்கும் கோரைக்கு உரமே வேண்டாம், வண்டல் போதும்.

எப்போது அறுப்பது? பச்சை மாறும் முன் அறுக்க வேண்டும், பிஞ்சாகவும் அறுக்கக் கூடாது. பிஞ்சுத் தண்டு காய்ந்ததும் சுருங்கி நூலாகிவிடும். முற்றிப் பழுத்த தண்டு கிழிக்கும்போதே சில்லுச் சில்லாக உடையும். கதிர் முழுக்க விரிந்து, தண்டு அடியிலிருந்து நுனி வரை ஒரே பச்சையாக இருக்கும் நேரம்தான் சரி. நுனி மஞ்சள் காட்டத் தொடங்கினால் இனி ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். பருவத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: அறுத்த பின் நான்கு நாள் நல்ல வெயில் வேண்டும். வானிலை பார்க்காமல் அரிவாள் எடுக்கக் கூடாது.

இங்கேதான் மூச்சு விஷயம் வருகிறது. அறுத்த அடிக்கட்டை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். நீருக்கு அடியில் அறுத்தாலோ, அறுத்த மறுநாளே மடை திறந்து கட்டையை மூழ்கடித்தாலோ, காற்று போகும் குழாயில் தண்ணீர் புகுந்து கிழங்கு அழுகத் தொடங்கும். சம்பை ஒழிக்க வேண்டும் என்றால் வேண்டுமென்றே நீருக்கு அடியில் அறுப்பது நல்ல வழி. கோரையில் அதே காரியத்தைத் தெரியாமல் செய்து தூரை இழந்துவிடாதீர்கள். வயலானால் இரண்டு நாள் முன்பே நீரை வடியுங்கள். கரையானால் நீர் இறங்கியிருக்கும் நாள் பார்த்து, சேற்றுக்கு மேல் நான்கு விரல் விட்டு, கருக்கரிவாளால் ஒரே இழுப்பில் அறுங்கள். மொக்கை அரிவாள் தண்டின் அடியைக் கிழித்துவிடும். அந்தக் கிழிசல் பிறகு கத்தி வைக்கும்போது கீற்றைத் தவறான இடத்தில் திறக்கும். கரைப் பட்டையை ஒரே நாளில் மொட்டையாக்க வேண்டாம். ஒரு பாதியை இப்போது, மறு பாதியை அடுத்த பருவத்தில் அறுத்தால் கரைக்கும் பிடிப்பு இருக்கும், கூடு வைத்த பறவைக்கும் இடம் இருக்கும்.

அறுத்ததைக் கட்டாகத் தூக்கி அடியைத் தரையில் தட்டி, உதறினால் குட்டையும் சருகும் விழுந்துவிடும். பிறகு உயரம் பிரிக்க வேண்டும். முழங்கால் ஆழக் குழியிலோ பீப்பாயிலோ கட்டைச் செங்குத்தாக நிறுத்தி, நுனிகளைப் பார்த்து, உயரமானவற்றை முதலில் கொத்தாக உருவுவார்கள். பிறகு அடுத்த உயரம், அதற்கடுத்த உயரம். ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருப்பதைவிட இது பல மடங்கு வேகம். மூன்றடி அகலப் பாய்க்கு மூன்றேகால் அடிக்குக் குறையாத தண்டு வேண்டும். ஓரம் மடிக்கவும் காயும்போது சுருங்கவும் அந்தக் கால் அடி போய்விடும். இந்தப் பிரிப்பில் சோம்பல் பட்டால் நெய்கிறவர் ஒவ்வொரு கீற்றையும் கையில் எடுத்து அளந்து ஒதுக்க வேண்டி வரும், ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகும்.

கிழிப்பது பச்சையாக இருக்கும்போதே நடக்க வேண்டும், அறுத்த அன்றோ மறுநாளோ. தண்டு முழுசாகக் காய்ந்தால் மேல்தோல் இறுகி, உள்ளே சோறு சுருங்கி, கத்தி வைத்ததும் பிளவு பக்கவாட்டில் ஓடும். சாதாரணப் பாய்க்கு ஒரு தண்டை இரண்டாகக் கிழித்தால் போதும். அதற்கு மோட்டார் பூட்டிய கிழிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மெல்லிய பாய்க்கு இயந்திரம் ஆகாது. சிறிய கத்தியை உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து, தண்டின் அடியில் கீறி, கத்தியை அசைக்காமல் தண்டை இழுக்க வேண்டும். கத்தி நகர்ந்தால் ஒரு பக்கம் தடிக்கும், மறு பக்கம் மெலியும். பிறகு உட்பக்கத்துச் சோற்றைக் கத்தியின் முதுகால் வழித்து எடுப்பது. சோறு மிஞ்சியிருந்தால் பாய் தடிப்பாக இருப்பதோடு போகாது: அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பூசணம் முதலில் பிடிக்கும் இடமும் அதுதான்.

இனி காயவைப்பது. பாயின் நிறமும் ஆயுளும் இந்த நான்கு நாளில் முடிவாகின்றன என்று தயங்காமல் சொல்வேன். முதல் நாள் கீற்றை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் மெல்லிய பரப்பாக விரிக்க வேண்டும். அன்றே பச்சை ஈரத்தில் பெரும்பகுதி போய்விட வேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெளிர்பச்சை தங்கி, பிறகு பொன்னிறமாக மாறும். மெதுவாகக் காய்ந்தால் பழுப்பு அடிக்கும், அந்தப் பழுப்பை எந்தச் சாயமும் மறைக்காது. மாலையில் பனி இறங்கும் முன் வாரிக் கூரைக்குள் கொண்டுபோய்விடுங்கள், மறுநாள் பனி உலர்ந்த பின் மறுபடி விரியுங்கள். இரண்டாம் நாளிலிருந்து கொத்துக் கொத்தாகப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். காய்கிற கோரையில் ஒரு தூறல் விழுந்தால்கூட மறுநாள் கரும்புள்ளி எட்டிப்பார்க்கும். நனைந்துவிட்டதா, கட்டாகக் கட்டி ஓரமாக வைத்துவிடாதீர்கள். மழை விட்ட நொடியில் மெல்லிசாக விரித்துக் காற்றாடவிட்டால் பாதியாவது தேறும். சிமெண்டுத் தளத்தைவிட மணல் கலந்த உயரமான களம் நல்லது, அடியில் வேர்வை நிற்காது. தார்ப்பாயின்மேல் விரிப்பதுதான் இப்போது அதிகம் பார்க்கும் தவறு: மேலே காய்ந்து, அடியில் ஈரம் பூத்துக் கிடக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கீற்றை விரலில் சுற்றுங்கள். வெடுக்கென்று ஒடிந்தால் அளவுக்கு மேல் காய்ந்தது, தண்ணீர் தெளித்தால் சரியாகும். துவண்டு சுற்றிக்கொண்டு குளிர்ச்சியாகப் பட்டால் இன்னும் ஒரு நாள் வேண்டும். சலசலவென்று சத்தம் வந்து, சுற்றிவிட்டதும் திரும்ப நிமிர்ந்தால் கட்டலாம். கட்டைத் தரையில் போடாமல் மரச் சட்டத்தின்மேல் நிறுத்தி வையுங்கள், சுவரைத் தொடாமல்.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் நெய்யும் மிக மெல்லிய பட்டுப் பாயின் ரகசியம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அதற்கான கோரையைப் பச்சையில் கிழிக்காமல் முழுத் தண்டாகவே காயவைத்துக் கட்டி, ஓடும் தண்ணீரில் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை மூழ்க வைப்பார்கள். தண்டு ஊதி மூன்று மடங்கு பருமனாகும், சோறு இளகும், அதன் பிறகு மறுபடி காயவைத்துக் கிழித்தால் நூல் போல மெல்லிய கீற்று கிடைக்கும். ஓடும் நீர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டியில் நிற்கும் தண்ணீரில் ஊறவைத்தால் இரண்டாம் நாளே காற்று தீர்ந்து, நாற்றம் பிடித்து, கீற்று சாம்பல் நிறமாகும். ஆறு பக்கத்தில் இல்லாதவர்கள் தொட்டித் தண்ணீரைக் காலையும் மாலையும் முழுதாக மாற்றினால் ஓரளவு சமாளிக்கலாம். துருப்பிடித்த இரும்புத் தொட்டி வேண்டவே வேண்டாம், இரும்பு பட்ட இடம் கறுக்கும். கட்டு மிதக்காமல் கல் ஏற்றுங்கள். மிதந்தால் மேல்பாதி ஊறாமல் கீழ்ப்பாதி மட்டும் ஊறி, ஒரே கீற்றில் இரண்டு நிறம் வரும். தினமும் ஒரு தண்டை உருவி நகத்தால் கீறிப் பாருங்கள். சோறு வழுக்கிக்கொண்டு வந்தால் எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டுமே என்று விட்டால் தோலின் நாரும் இளகிவிடும், அந்தப் பாய் மடிப்பில் வெடிக்கும்.

ஆற்றில் ஓடும் நீர் குறைந்தாலோ கழிவு கலந்தாலோ இந்த வேலை நேரடியாக அடிபடுகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். இன்று காவிரிப் பக்கத்துக் கோரையும் பத்தமடைக்குப் போகிறது. நெய்கிறவர்களின் கை அங்கேயே இருக்கிறது, கரை மட்டும் விலகிப் போயிருக்கிறது.

சாயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய முறையில் சிவப்புக்குப் பதங்கம் என்ற சாயமரத்தின் கட்டை. அதனோடு காசா என்ற செடியின் இலையும் கடுக்காயும் சேரும். காசா இலையில் உள்ள படிகாரச் சத்து சாயத்தைக் கோரையில் பிடித்து நிறுத்தும், கடுக்காய் நிறத்தை அழுத்தமாக்கும். பதங்கச் சிவப்பு எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாகும், சுண்ணாம்பு பட்டால் ஊதா கலக்கும். அதனால் சாயம் போடும் நீர் உப்போ சுண்ணாம்போ அதிகம் உள்ள போர்வெல் நீராக இருந்தால் எதிர்பார்த்த நிறம் வராது, மழைநீரோ ஆற்றுநீரோதான் நல்லது. கொத்தை இறுக்கிக் கட்டிக் காய்ச்சினால் நடுவில் வெள்ளை நின்றுவிடும், தளர்த்திக் கட்டுங்கள்.

தறி என்றால் நிமிர்ந்து நிற்கும் தறியைக் கற்பனை செய்ய வேண்டாம். தரையில் நான்கு முளை அடித்து, இரண்டு மூங்கில் கழிகளைக் கட்டி, அவற்றுக்கு நடுவில் நீளவாக்கில் பாவு நூல் இழுப்பதுதான் பாய்த்தறி. துளையிட்ட மரச்சட்டம் ஒன்று, அச்சு, பாவு நூல்கள் அதற்குள் நுழைந்து போகும். நூல்களை இடைவெளி மாறாமல் வைப்பதும் ஊடையாக, அதாவது குறுக்கே போன கோரையை அடித்து இறுக்குவதும் அதே சட்டம்தான். பாவுக்குக் கீழே முக்காலி போலக் கட்டிய கழிகள் நூலைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும். நெய்து முடிந்த பகுதியின்மேலேயே உட்கார்ந்து முன்னேறிப் போவார்கள். ஊடைக் கோரையை நீண்ட குச்சியின் நுனியில் கோத்து நுழைத்து இழுக்க வேண்டும். முரட்டுப் பாய்க்கு முன்பு கற்றாழை நாரோ சணலோ பாவாக இருந்தது, இப்போது பருத்தி நூல். பட்டுப் பாய் என்றால் பட்டு நூலும் உண்டு. மெல்லிய பாய்களின் நுண்மையைக் கவுண்ட் என்ற எண்ணால், 100 முதல் 140 வரை சொல்வார்கள். அவற்றை வேட்டி போல மடித்து வைக்கலாம்.

ஒரு கணக்கு போட்டால் வேலையின் அளவு தெரியும். ஆறடி நீளப் பாய் என்றால் 72 அங்குலம். சாதாரண நெருக்கத்தில் அங்குலத்துக்கு 12 கீற்று என்று வைத்தாலும் 864 கீற்று. தண்டுக்கு இரண்டு கீற்று, பத்தில் ஒன்று கழிவு என்றால் ஏறக்குறைய 480 தண்டு. ஒவ்வொன்றும் அறுத்து, உதறி, உயரம் பார்த்து, கிழித்து, நான்கு நாள் வாரி விரித்த தண்டு. நெருக்கம் கூடக் கூட இந்த எண்ணிக்கை அப்படியே ஏறும். கைத்தறிப் பாய்க்கு ஏன் அந்த விலை என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நெய்யும்போது வரும் கோளாறுகளில் முக்கால்வாசி ஈரத்தால் வருபவை. கீற்று காய்ந்திருந்தால் ஓரத்தில் மடிக்கும்போது ஒடியும். சொட்டச் சொட்ட நனைத்து நெய்தால் அப்போது நெருக்கமாகத்தான் தெரியும். காய்ந்ததும் ஒவ்வொரு கீற்றும் சுருங்கி, பாயில் வெளிச்சம் தெரியும். ஈரத் துணியில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்த ஈரம் போதும், இடையிடையே கையால் தெளித்துக்கொண்டால் சரி. அடுத்த கோளாறு வளைவு. கோரையின் அடி தடிப்பு, நுனி மெலிவு. எல்லா அடியையும் ஒரே பக்கம் வைத்து நெய்தால் அந்தப் பக்கம் வேகமாக ஏறி, பாய் அரிவாள் போல வளையும். ஒரு கீற்றின் அடி இடப்பக்கம் என்றால் அடுத்த கீற்றின் அடி வலப்பக்கம் வர வேண்டும். மூன்றாவது, பாவின் இழுவை. ஒரு முளை தளர்ந்தால் அந்த மூலையில் பாய் தொய்ந்து, விரித்ததும் அலை அலையாக நிற்கும். காலையில் உட்காரும் முன் நான்கு முளையையும் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பத்தமடைப் பாய்க்கு 2012–13-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தின் மேதினிபூரில் இதே கோரையில் நெய்யும் மதூர்காட்டிப் பாய்க்கு 2018-ல் கிடைத்தது. இலங்கையிலும் கோரை இனங்களில் பன்பாய் நெய்கிறார்கள். விசைத்தறிக் கோரைப் பாயும் நல்ல பொருள்தான். வந்தவாசிப் பாய் எத்தனையோ வீடுகளில் உழைக்கிறது. கைத்தறிப் பாய் என்று சொல்லி விசைத்தறிப் பாயை விற்பதுதான் தவறு. கோரை என்று சொல்லிப் பிளாஸ்டிக்கைத் தலையில் கட்டுவது அதைவிட மோசம். வாங்கும் முன் பாயின் ஓரத்தைப் பாருங்கள். கோரையில் கீற்றுக்குக் கீற்று நிறம் கொஞ்சம் மாறும், தடிப்பும் மாறும். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஈர விரலால் ஓரிடத்தில் தேய்த்து முகர்ந்தால் காய்ந்த புல்லின் மணம் வரும். பிளாஸ்டிக்கில் தண்ணீர் துளியாக நிற்கும், கோரையில் மெதுவாக இழுத்துக்கொள்ளும். வியர்வையை உறிஞ்சிக் காற்றில் விடுவதால்தான் கோரைப் பாயில் படுத்தால் உடம்பு குளிர்கிறது.

அதே காரணத்தால் பாய்க்கு ஈரம் ஆகாது. காலையில் எழுந்ததும் சூடு ஆறும் முன் சுருட்டி வைக்காமல், பத்து நிமிடம் கொடியில் போட்டுக் காற்றாட விடுங்கள். சுருட்டுங்கள், மடிக்காதீர்கள். மெல்லிய பட்டுப் பாயை மட்டும் மடிக்கலாம், அதையும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடியுங்கள். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடாமல், நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் கீற்றின் போக்கில் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். சாயப் பாயை வெயிலில் போட்டால் சிவப்பு வெளுத்துப் போகும். பூசணம் தட்டினால் காய்ந்த துணியால் துடைத்து, அரை நாள் இளவெயில் காட்டலாம். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியில் வைப்பதுதான் பாயைக் கெடுக்கும் நிச்சயமான வழி. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி நிறுத்தி வையுங்கள்.